வெள்ளிக்கிழமை வெட்டு

செப்டம்பர் 2, திங்கள்

வந்து சேர்ந்தேன். விடுமுறைக்கு அல்ல.

ஆய்வை நிறுத்தி வைத்திருக்கிறேன். நெறியாளரிடம் குடும்பச் சூழல் என்று சொன்னேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. பல மாதங்களாக ஒரு வரிகூட வரவில்லை. தலைப்பு: ஜெபத்தின் மொழி. "நீ ஆழமாகப் போகிறவள்" என்று அவர் முதல் வருடம் சொன்னதை வைத்தே இதுவரை ஓட்டிவிட்டேன்.

அப்பாவின் கழுத்தில் ஒரு துளை. அதில் குழாய். குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். நோய் அதோடு போய்விட்டது என்கிறார்கள். பனச்சவிளைச் சபையில் முப்பது வருடம் உபதேசியாராக இருந்தவர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை போன குரல். இப்போது விரல் முட்டியால் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் வேண்டாம்.

என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். ஓடிப்போய்ப் பிடித்தேன். கையில் மருந்துச் சீட்டு இருந்தது. மைனியிடம் கொடுக்கச் சொல்கிறார்.

மைனி என்றால் அம்பிளி. பிரைட் அண்ணனின் மனைவி. அண்ணன் மஸ்கட்டில். காதல் கல்யாணம், மூன்று வருடமாகிறது. குலசேகரத்தில் அவள் அப்பாவுக்கு டீக்கடை. கடைக்குள் பிள்ளையார் படத்துக்குத் தினம் பூ வைத்து வளர்ந்தவள். போன ஈஸ்டருக்கு முந்தின ஈஸ்டரில் ஞானஸ்நானம் எடுத்தாள். கிரேஸ் என்று பெயர் கொடுத்தார்கள். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

குடும்ப ஜெபம். நான் பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் விளக்கு வைத்ததும் இதுதான். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம் ஆளுக்கொரு வசனமாக, பிறகு ஜெபம். ஜெபம் எப்போதும் அப்பா.

பாட்டை நான் தொடங்கினேன். புத்தகம் வேண்டியிருக்கவில்லை. மைனி பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் சரணம் முடிந்துவிட்டது. வாசிப்பும் முடிந்தது. எல்லோரும் கண்ணை மூடக் காத்திருந்தோம். அப்பா சுட்டுவிரலை எடுத்தார். வாயைத் திறந்துவிட்டேன். "எங்கள்" வரை வந்துவிட்டது.

விரல் என்னைத் தாண்டிப் போயிற்று.

மைனி ஜெபித்தாள்: "கர்த்தாவே, மாமாக்க கொழாயில சளி அடைக்காம பாத்துக்கணும். எண்ணெ வெல கூடிப்போச்சு, அதெயும் பாத்துக்கணும். மூணாவது வரிசையில கோணலாட்டு நிக்க மரத்துக்கு எறும்பு கேறுது, எனக்குப் பாவமாட்டு இருக்கு, அதெயும் பாத்துக்கணும். ஷைலட்டு வந்திருக்கு, நன்றி. ஆமென்."

அப்பா மேசையை ஒருமுறை தட்டினார். ஆமென் சொல்ல இப்போது அவருக்கு அதுதான் வழி.

எறும்பு! மூன்று மொழிகளில் கடவுளைப் பற்றிப் படித்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

செப்டம்பர் 4, புதன்

இன்று முதல் நானும் ரப்பர் பால் வெட்டுகிறேன். இதுவரை முழுத் தோட்டத்தையும் மைனி தனியாக வெட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஓடை. கிழக்குப் பக்கம் எனக்கு, மேற்குப் பக்கம் அவளுக்கு. திங்கள், புதன், வெள்ளி வெட்டு. மற்ற நாட்கள் மரத்துக்கு ஓய்வு.

பள்ளிக்கூட நாளில் கற்றது கையில் இருக்கிறது. பட்டையில் சரிவாக ஓடும் பழைய வரியின் கீழ்விளிம்பில் கத்தியை வைத்து, தோலை மெலிதாகச் சீவி எடுக்க வேண்டும். வெள்ளைப் பால் வரியில் ஊறிக் கீழே கட்டின சிரட்டையில் சொட்டும். இன்றைய வரிக்குக் கீழே அடுத்த வெட்டு. அதற்குக் கீழே அதற்கடுத்தது. வெட்டின இடத்தில் பட்டை மறுபடி வளரும். வருடங்கள் போனால் அதையே திரும்ப வெட்டலாம்.

ஒன்றுதான் கவனம். பட்டைக்கும் தடிக்கும் நடுவே வழுவழுப்பாக ஒரு மெல்லிய தோல் உண்டு. அதில் கத்தி படக்கூடாது. பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வராது. ஆனால் பால் அதிகம் இருப்பதும் அதை ஒட்டித்தான். அதிகப் பால் வேண்டுமென்றால் அதன் பக்கம் போக வேண்டும். எவ்வளவு பக்கம் என்பதுதான் தொழில்.

அப்பாவின் கத்தியை மைனி வைத்திருக்கிறாள். பிடி தேய்ந்து, கறுத்து, கைக்கு அச்சுப் போல. எனக்குக் குலசேகரத்திலிருந்து புதுக் கத்தி வாங்கி வைத்திருக்கிறார்கள். விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

அவள் வாளியில் பால் அதிகம்.

மேற்குப் பக்கம் மண் நல்லது. ஈரமும் உண்டு.

செப்டம்பர் 9, திங்கள்

அவள் வாளியில் அதிகம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தங்கபாய் மாமி வந்தாள். இரண்டு வீடு தள்ளி. என்னைப் பார்த்து, "எப்பம் வந்தா மக்களே? மெலிஞ்சு போயிட்டியே" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே எட்டிப் பார்த்து, "எட்டி அம்பிளி, எனக்க பசு இந்தத் தடவையும் செனை பிடிக்கேல. ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போட்டி" என்றாள்.

மைனி மீன் கழுவின கையோடு போனாள். திரும்பி வந்து மறுபடியும் மீன் கழுவினாள்.

"பசுவுக்கு எந்தச் சங்கீதம் வாசிச்சீங்க மைனி?" என்று கேட்டேன்.

"சங்கீதமா? நான் அது காதில சொல்லிட்டு வந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"பயப்படாதேன்னு."

அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். அப்பாவின் தோளும் குலுங்கியது. அவர் சிரிப்பதற்கு இப்போது ஓசை இல்லை. நான் சொல்லி அவர் கடைசியாக எப்போது சிரித்தார் என்று யோசித்துக்கொண்டு இருந்தேன். நினைவுக்கு வரவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆயர் மைனியிடம், "அம்மா, வெள்ளிக்கிழமை அதிகாலை ஜெபத்துக்கு நீங்க வந்தா பெண்களுக்கு ஒரு பெலமா இருக்கும்" என்றார். என்னிடம், "படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்றார்.

வெள்ளி அதிகாலை பால் வெட்டு இருக்கிறது, வர முடியாது என்றாள் மைனி. முகம் வாடிப்போயிற்று.

வீட்டில் நானே சொன்னேன். "நீங்க போங்க மைனி. வெள்ளிக்கிழமை ஒங்க பக்கத்தையும் நான் வெட்டுறேன்."

அம்மா என் கன்னத்தைத் தடவி விரலை முத்தமிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இதற்காக அல்ல நான் சொன்னது.

செப்டம்பர் 20, வெள்ளி

முதல் வெள்ளி. இரண்டு பக்கமும் நான்.

அவளுடைய கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். ஆணியில்தான் தொங்கியது. அப்பாவின் கத்தி என்றும் சொல்லலாம்.

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்தால் ஒரு நேரத்தில் ஒரு மரம்தான் இருக்கிறது. மற்ற எதுவும் இல்லை. இது எனக்குப் பிடிக்கிறது. தூரத்தில் சபைக் கோயிலிலிருந்து பெண்களின் பாட்டு. அவர்களுக்கு நடுவே அவள் குரலைத் தேடாமல் இருக்க முடியவில்லை. அவளுக்குச் சுதி சேராது. தனியாகத் தெரியும்.

மேற்குப் பக்கத்தில் இன்று பால் நிறைய. சிரட்டைகள் வழிந்தன.

அம்மா வாளியைத் தூக்கிப் பார்த்து, "ஷைலட்டுக்க கை கொள்ளாம்" என்றாள். அப்பா ஒரு தட்டு.

செப்டம்பர் 23, திங்கள்

மேற்குப் பக்கம் பழையபடி. அவள் வெட்டும் நாளில் அவ்வளவுதான் வருகிறது.

என் பக்கமும் பழையபடிதான். அதை ஏன் எழுதுகிறேன்?

செப்டம்பர் 27, வெள்ளி

மேற்குப் பக்கம் நிறைய. மைனி கோயிலிலிருந்து வந்து வாளியைப் பார்த்தாள். "எம்மாடி! நான் தொழுதா கர்த்தர் இஞ்ச பாலாட்டு தாறாரா?" என்றாள்.

எல்லாமே அவளுக்கு வருகிறது. நான் வெட்டினது உட்பட.

அக்டோபர் 2, புதன்

மழை. வெட்டு இல்லை. திங்களன்று உறைய வைத்ததை உருளையில் அழுத்தி ஷீட்டாக்கிக் கொடியில் போட்டோம். ஒரு முனையில் அவள், மறு முனையில் நான். நான் சுற்ற அவள் இழுத்தாள்.

"நீ என்னதான் எழுதுற அந்த நோட்டில?"

"சும்மா."

"என்னெப் பத்தி உண்டுமா?"

"நீங்க யாரு, உங்களப் பத்தி எழுத?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கேட்டாள்: "ஷைலட்டு, நீ ஏன் ஜெபிக்க மாட்டேங்க? ஒனக்கு எல்லாம் தெரியுமே."

அப்பா கேட்கச் சொன்னாரா என்றேன். வெடுக்கென்று வந்துவிட்டது. அவள் ஷீட்டின் ஓரத்தை நேராக்கினாள்.

தெரியும் என்பதுதான் சிக்கல். கண்ணை மூடினால் முதலில் என்னையே பார்க்கிறேன். ஜெபிக்கிற என்னை. அதைப் பார்த்துச் சிரிக்கிற இன்னொரு என்னை. எல்லாவற்றையும் சீவி எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் உண்மையான ஒன்று கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

மேற்கு நிறைய.

அக்டோபர் 11, வெள்ளி

மேற்கு நிறைய. ஒரு மரத்தில் வெட்டு முடிந்த பிறகும் வெகுநேரம் பால் நிற்கவில்லை. சிரட்டைக்கு வெளியே, வேர்வரை வெள்ளையாக ஒழுகியிருந்தது.

கத்தி கூர் அதிகம். அப்பா தீட்டி வைத்திருப்பார்.

அக்டோபர் 12, சனி

இன்று ஓய்வு நாள். ஆனாலும் மைனி தோட்டத்துக்குப் போனாள். கையில் பழைய பெயின்ட் டப்பா. என்னவென்று கேட்டேன். "சாணி" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

தங்கபாய் மாமியின் பசு சினை பிடித்துவிட்டது.

ஊரே பேசுகிறது. மருத்துவர் ஊசி போட்டதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்றும் விரல் அவளுக்கே போயிற்று. இப்போதெல்லாம் விரல் எழுவதற்கு முன்பே நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். பக்தி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. நிறைய.

அக்டோபர் 28, திங்கள்

தலைவலி. மைனி இஞ்சி தட்டிப் போட்டுக் காபி கொண்டுவந்தாள். நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. கையைத் தட்டிவிட்டேன். "நான் ஒண்ணும் பசு இல்லே" என்றேன்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "பசுவுக்கு நன்றி உண்டு, பிள்ளே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

முதல் தடவையாக அவளைப் பிடித்தது.

தலைவலி மாலைக்குள் போய்விட்டது. மாத்திரை போட்டிருந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

மேற்கு நிறைய. அப்பா காலையில் முற்றத்தில் நின்று வாளியைப் பார்த்தார். தட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 16, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

அப்பா நடக்கலாம் என்று போனவாரம் மருத்துவர் சொல்லியிருந்தார். இன்று காலையில் தோட்டத்துக்குப் புறப்பட்டார். கழுத்தில் ஈரத் துணி. அம்மா குடை பிடித்தாள். மைனியும் நானும் பின்னால்.

முதலில் என் கிழக்குப் பக்கத்தில் நடந்தார். மரங்களைக் கையால் தொட்டுக்கொண்டே போனார். நல்லது. ஓடையைத் தாண்டினார். மேற்குப் பக்கம் முதல் மரத்திலேயே நின்றுவிட்டார்.

வெட்டின இடம் முழுவதும் சாணியும் செம்மண்ணும் குழைத்து மருந்து போலப் பூசியிருந்தது. அப்பா நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டினார். அடியில் தடி தெரிந்தது. பட்டை இல்லாத வெறும் தடி, விரல் நீளத்துக்கு. சுற்றிலும் உதடு போல வீங்கியிருந்தது. பூச்சை உதிர்த்துவிட்டு, உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார். மறுபடியும் மேலிருந்து கீழே. கண்ணை மூடிக்கொண்டு தடவினார். அடுத்த மரம். அதற்கடுத்தது. மூன்றாவது வரிசையில் அந்தக் கோணல் மரம். அதில்தான் அதிகம்.

அம்மாவுக்குத்தான் முதலில் குரல் வந்தது. "எட்டி அம்பிளி! என்னட்டி இது? மரத்தெக் கொன்னு போட்டிருக்கியே! கோயிலு கோயிலுன்னு ஓடினா கண்ணு இஞ்ச எப்பிடி நிக்கும்? பிரைட்டு பாத்தா நெஞ்சு வெடிச்சிருவான்."

மைனி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது.

"எனக்க கைதான் மாமா" என்றாள். "தப்பிப் போச்சு. அவசரப்பட்டுட்டேன்."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். அந்தப் பட்டையின் மண் ஒட்டியிருந்த கை. அதை அவள் தலைமேல் வைத்தார். ஞானஸ்நானத்தன்று வைத்தது போல. அவள் அழுதாள். அப்பாவின் கண்ணிலும் நீர்.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். உண்மையில் தலைவலி.

நவம்பர் 18, திங்கள்

மேற்குப் பக்கத்துக்கு அப்பா ஓய்வு கொடுத்துவிட்டார். கையால் பெரிய வட்டம் போட்டுக் காட்டினார்: அடுத்த வருடம். என் பக்கத்தை மட்டும் வெட்டுகிறோம். மைனியும் நானும் ஆளுக்குப் பாதியாக.

நான் மேலாக வெட்டினேன். பால் குறைவு.

நவம்பர் 20, புதன்

தூக்கம் இல்லை. எதனால் என்று கண்டுபிடித்துவிட்டேன். வருத்தத்தால் அல்ல. எழுதத்தான் வேண்டும்.

அந்தக் கை என் தலைக்கு வந்திருக்க வேண்டியது.

தப்பு என்னுடையது. அதற்கான மன்னிப்பும் என்னுடையதுதானே? அவள் இடையில் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கத்தி அவளுக்கு. விரல் அவளுக்கு. பசு அவளுக்கு. கடைசியில் நான் செய்த ஒரே காரியம், முழுக்க முழுக்க நானே செய்த காரியம், அதையும் அவள் தன் பேரில் எழுதிக்கொண்டாள். அதற்கு அப்பாவின் கண்ணீரும் கிடைத்தது. மண் ஒட்டிய அந்தக் கையும் கிடைத்தது.

இதைப் படிக்கிற எவரும் என்னைப் பைத்தியம் என்பார்கள். அவளுக்குக் கிடைத்த பழியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

நவம்பர் 22, வெள்ளி

அதிகாலை ஜெபத்துக்கு மைனி போகவில்லை. அம்மா போகவிடவில்லை. "ஜெபிச்சது போதும், இருக்க மரத்தெ ஒழுங்கா வெட்டு" என்றாளாம்.

வெட்டு முடிந்து ஓடையில் கை கழுவும்போது கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்பிடி?"

"ஒங்க கைன்னு."

அவள் முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். ரப்பர் பால் காய்ந்தால் தோலோடு வரும்.

"நான் ஒண்ணும் பரிசுத்தவாட்டி இல்லை, கேட்டியா. எனக்கு ஒனக்க மேல நல்ல கலிப்பு உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் சாணி குழைச்சுப் பூசும்போ ஒன்னெத் திட்டிட்டேதான் பூசுனேன். ஆனா நான் உண்மையெச் சொன்னா நீ என்ன செய்வா? பெட்டியெ எடுத்துட்டு மெட்ராசுக்குப் போவா. பின்ன மாமா ஒடஞ்சு போவாரு. பின்ன இஞ்ச யாரு வெட்டுவா? நான் ஒற்றைக்கு வெட்டி வெட்டி எனக்க முதுகு போச்சு."

"அப்போ எனக்காக இல்லை."

"ஒனக்காட்டா? ஏன், நீ எனக்கு என்ன செய்தா?"

எதிர்பார்க்காத பதில். நிம்மதியாகவும் இருந்தது. கோபமாகவும் இருந்தது.

அவள் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு சொல்லட்டா? நீ பாட்டு பாடும்போ புஸ்தகத்தெப் பாக்காம பாடுவால்லியா. எனக்கு அப்பிடியே ஒன்னெ ஒரு தள்ளுத் தள்ளணும்போல இருக்கும். நான் நம்பரெத் தேடி எடுக்கதுக்குள்ள நீங்க எல்லாரும் ஆமென் பாடிருவீங்க. ஒங்களுக்கெல்லாம் தொட்டில்லேயே கெடச்சது. எனக்கு இப்பமும் விருந்துக்கு வந்த ஆளு போலத்தான் இருக்கு. மாமா என்னெ ஜெபிக்கச் சொல்லும்போ பயத்தில வாயில வந்த எறும்பு, எண்ணெ எல்லாத்தையும் சொல்லுவேன்."

அவளும்! இத்தனை நாளாக நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் என்னைப் பார்க்கிறாள் என்பதைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மாலை. குடும்ப ஜெபம். பாட்டுக்கு முன்னால் நம்பரை உரக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மைனி பக்கத்தை எடுத்த பிறகுதான் தொடங்கினேன். அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

வாசித்து முடித்தோம். அப்பா விரலை எடுத்தார். அது எழும்போதே சொல்லிவிட்டேன்.

"அப்பா, மேற்குப் பக்கத்து வெட்டு என்னுடையது."

அம்மா, "என்னது?" என்றாள்.

"மைனி இல்லை. நான். வெள்ளிக்கிழமைகளில். தப்பிப் போகலை. தெரிஞ்சேதான் வெட்டினேன். பால் அதிகம் வரணும்னு. அவளைவிட அதிகம் வரணும்னு." பின்னால் உண்மையான காரணமும் வந்துவிட்டது: "நீங்க அவ தலையில கை வச்சீங்க. அது எனக்குள்ளது. எனக்கு அது வேணும்."

எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம். எத்தனை நாள் யோசித்து வைத்திருந்த நல்ல வாக்கியங்கள் இருந்தன. ஒன்றும் வரவில்லை.

அப்பா மேசைமேல் நகத்தால் கோடு இழுத்தார். லேசாக ஒன்று. அதற்குக் கீழே லேசாக ஒன்று. அதற்குக் கீழே அழுத்தி ஒன்று. மரப்பலகையில் அது பதிந்துவிட்டது. மறுபடியும்: லேசு, லேசு, அழுத்தம்.

திங்கள். புதன். வெள்ளி.

பட்டையில் வரிசையாக, ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்திருக்கிறது. இரண்டு வரி வழவழப்பு, மூன்றாவது வரி காயம். அவர் கண்ணை மூடித் தடவினது அதைத்தான். அன்றைக்கே தெரியும். அவள் தலைமேல் கை வைத்தபோதே தெரியும். செய்யாததைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டவளின் தலைமேல் கை வைத்திருக்கிறார். எனக்குள்ளது அப்படியே மிச்சமிருந்திருக்கிறது. எட்டு நாளாக அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அம்மா வாயில் சேலைத்தலைப்பை வைத்துக்கொண்டு, "எனக்க ஏசுவே, நான் இந்தப் பிள்ளையப் போட்டு ஏசினேனே" என்று மைனியின் கையைப் பிடித்தாள். மைனி, "விடுங்க மாமி, நானும் பொய் சொன்னேன்லா" என்றாள்.

அப்பா எழுந்து வருவார் என்று நினைத்தேன். தலையைக்கூடக் கொஞ்சம் சாய்த்திருந்தேன். அவர் எழவில்லை. விரலைத்தான் எடுத்தார். அது வந்தது. என்னிடம் வந்து நின்றது.

கண்ணை மூடினேன். பார்த்துச் சிரிக்கிற அந்த இன்னொருத்தி எங்கோ இருந்தாள், ஆனால் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை அவளுக்கு. நெடுநேரம் எதுவும் வரவில்லை. யாரும் எனக்காக எதையும் சொல்லி நிரப்பவில்லை.

"கர்த்தாவே" என்றேன். "மூன்றாவது வரிசையில ஒரு கோணல் மரம். நான் அதை ரொம்ப வெட்டிட்டேன். அதுக்குத் தோல் வரணும். எறும்பு ஏறுது. ஆமென்."

மேசையில் ஒரு தட்டு.

நவம்பர் 30, சனி

சாணியும் செம்மண்ணும் நான் குழைத்தேன். மைனி பக்கத்தில் நின்று குறை சொன்னாள். "தண்ணி கூடிப்போச்சு. தோசைக்கா கரைக்க?"

கோணல் மரத்தில் பூசும்போது கேட்டேன். "புதுப்பட்டை வருமா?"

"வரும். ஆனா மேடும் பள்ளமுமாட்டுத்தான் வரும். பின்ன அதில வெட்டுறவளுக்குக் கத்தி தட்டும்."

"அதை யாரு வெட்டுறது?"

"வேற யாரு? நீதான்." டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தினாள். "அதுக்கு வருசம் ஆவும். அதுவரைக்கும் இஞ்ச இருப்பியா, இல்லெ ஓடிருவியா?"

காயத்தின் வீங்கின உதடுகளின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஈரமாக, மெத்தென்று, உள்ளிருந்து எதுவோ விளிம்பைத் தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே கத்தி போகாமல் இருந்தால் போதும் போலிருக்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

அம்மா மைனியை மறுபடியும் அதிகாலை ஜெபத்துக்குப் போகச் சொல்லிவிட்டாள். அதற்கு அவள், "இந்தத் தடவ ஷைலட்டு போகட்டு, பாட்டுக்கு ஆளில்லாம அங்க கெடந்து அழுகாவ" என்றாள்.

அப்பா ஒரு தட்டு.

டிசம்பர் 6, வெள்ளி

அதிகாலை ஜெபத்துக்குப் போனேன். பத்துப் பெண்கள். பாதிப்பேருக்குத் தூக்கம் கலையவில்லை. பாட்டு நான் தொடங்கினேன். தங்கபாய் மாமி பசுவுக்கு நன்றி சொல்லி அழுதாள். நானும் எதற்கோ அழுதேன்.

என் மரங்களை மைனி வெட்டினாள். முழுக் கிழக்குப் பக்கமும் இன்று அவள் கையில்.

திரும்பி வந்ததும் சேலை மாற்றவில்லை. நேராகத் தோட்டத்துக்குப் போனேன். ஒவ்வொரு மரமாக, கண்ணை மூடிக்கொண்டு, மேலிருந்து கீழே தடவிப் பார்த்தேன்.

ஒரு காயமும் இல்லை.

கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.